மாட்டுவதும் கழற்றுவதும்: மவுண்ட், அன்மவுண்ட் ஒரு சின்ன வரலாறு

இந்த முறை கொஞ்சம் கம்ப்யூட்டர் வரலாறு. ஆனால் ஆரம்பிப்பது ஒரு சோகக் கதையில் இருந்து.

போன செமஸ்டர், ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு முந்தின நாள் சாயந்திரம். லேப் பூட்டும் நேரம். அட்டெண்டர் அண்ணன் வாசலில் நின்று சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டே இருக்கிறார். என் நண்பன் 1.2 ஜிபி ஜிப் கோப்பு ஒன்றைத் தன் பென் டிரைவுக்கு காப்பி செய்துகொண்டிருக்கிறான். லேபில் இருப்பது லினக்ஸ். திரையில் அந்தப் பச்சைப் பட்டை கடகடவென்று ஓடி நிரம்பிவிட்டது.

"முடிஞ்சிருச்சாடா?" என்றான்.

"அதான் ஃபுல் ஆயிருச்சே, புடுங்கிட்டு வாடா, அண்ணன் திட்டப் போறாரு" என்றேன்.

அப்படிச் சொன்னது நான்தான். அதனால்தான் இந்தக் கட்டுரையே.

ஹாஸ்டலுக்குப் போய்த் திறந்து பார்த்தால் கோப்பின் பெயர் இருக்கிறது. அளவு பூஜ்யம்! எங்கள் லேபில் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் எல்லாம் அழிந்து பழைய நிலைக்குத் திரும்பிவிடும்படி செட் செய்து வைத்திருக்கிறார்கள். அங்கேயும் ஒன்றும் மிச்சமில்லை. முந்தின வாரத்துப் பிரதி ஒன்று மெயிலில் இருந்ததால் முழுசாக மூழ்கவில்லை. ஆனால் ஒரு வாரம் உட்கார்ந்து எடுத்த ரீடிங்குகள் எல்லாம் போச்சு.

அவன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை போல இருந்தது.

பட்டை நிரம்பிய பிறகும் ஏன் கோப்பு போய்ச் சேரவில்லை? கம்ப்யூட்டர் பொய் சொன்னதா? இதைத் தேடப் போய்த்தான் மவுண்ட், அன்மவுண்ட் என்ற இரண்டு சொற்களுக்குப் பின்னால் இவ்வளவு பெரிய கதை இருப்பது தெரிந்தது. வாருங்கள், முதலில் இருந்து பார்ப்போம்.

கையால் மாட்டிய காலம்

மவுண்ட் என்றால் மாட்டுவது, பொருத்துவது. இன்றைக்கு அது ஒரு கட்டளை. ஒரு காலத்தில் அது நிஜமாகவே உடம்பு வளைத்துச் செய்கிற வேலை.

1952-ல் ஐபிஎம் நிறுவனம் 726 என்ற டேப் டிரைவைக் கொண்டுவந்தது. சினிமா ரீல் மாதிரி வட்டமாகச் சுற்றிய காந்த நாடா. பின்னால் வந்த மெயின்ஃப்ரேம் கம்ப்யூட்டர்களில், ஒரு புரோகிராமுக்கு ஒரு நாடா வேண்டும் என்றால் ஆபரேட்டரின் திரையிலோ டைப்ரைட்டரிலோ 'இந்த எண்ணுள்ள நாடாவை இந்த டிரைவில் மவுண்ட் செய்' என்று செய்தி வரும். ஆபரேட்டர் அலமாரிக்குப் போய் அந்த ரீலைத் தேடி எடுத்து வந்து, டிரைவின் அச்சில் மாட்டி, நாடாவின் நுனியைக் கோர்த்துவிடுவார். அதுவரை புரோகிராம் காத்திருக்கும்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. ரீலின் பின்புறம் ஒரு பிளாஸ்டிக் வளையம் இருக்கும். வளையம் இருந்தால்தான் நாடாவில் எழுத முடியும். கழற்றிவிட்டால் படிக்க மட்டும்தான் முடியும். இன்று நாம் 'ரீட் ஒன்லி' என்று மவுண்ட் செய்கிறோமே, அதை அன்று ஒரு வளையம் செய்தது.

அடுத்து டிஸ்க். 1956-ல் வந்த ஐபிஎம் ராமாக் கருவியில் 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள். மொத்தக் கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். எடை ஒரு டன்னுக்கு மேல்! அதைக் கழற்றி மாட்டுவது நடக்கிற காரியமா? 1962-ல் ஐபிஎம் 1311 வந்தபோதுதான் அந்த வசதி வந்தது. ஆறு தட்டுகளைக் கோர்த்த ஓர் அடுக்கு. டிஸ்க் பேக் என்று பெயர். எடை சுமார் நாலரை கிலோ. அதில் 20 லட்சம் எழுத்துகள் அடங்கும். மேலே கைப்பிடி வைத்த மூடி. பார்ப்பதற்கு கேக் டப்பா மாதிரி இருக்கும். ஒருவர் தன் டிஸ்க் பேக்கைத் தூக்கிக்கொண்டு வந்து மாட்டி, வேலை முடிந்ததும் எடுத்துக்கொண்டு போகலாம். ஒரு வகையில் நம் பென் டிரைவின் கொள்ளுத்தாத்தா இதுதான்.

அந்தக் காலத்தில் கழற்றுவதற்கு யாரும் சந்தேகப்பட வேண்டியதில்லை. தட்டு சுற்றுவது நிற்க வேண்டும், மூடியைத் திறக்க வேண்டும், அப்புறம்தான் எடுக்க முடியும். பொறுப்பு ஆபரேட்டர் கையில் இருந்தது. அவர் அதற்காகவே சம்பளம் வாங்கியவர்.

ஒரு மரம், ஓர் ஒட்டு

இனி யூனிக்ஸ். 1960களின் நடுவில் எம்ஐடி, ஜெனரல் எலக்ட்ரிக், பெல் லேப்ஸ் மூன்றும் சேர்ந்து மல்டிக்ஸ் என்ற பெரிய இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கின. ஃபோல்டருக்குள் ஃபோல்டர், அதற்குள் இன்னொரு ஃபோல்டர் என்று மரம் போல் கிளை விரியும் கோப்பு அமைப்பு அதில்தான் முழுமையாக வடிவம் பெற்றது. 1969-ல் பெல் லேப்ஸ் விலகிக்கொண்டது. அங்கிருந்த கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் ஒரு பழைய பிடிபி-7 கம்ப்யூட்டரில் சின்னதாக ஒன்றைச் செய்ய ஆரம்பித்தார்கள். அதுதான் யூனிக்ஸ் ஆனது.

பிறகு பிடிபி-11 வந்தது. 1971 நவம்பர் 3 தேதியிட்ட யூனிக்ஸின் முதல் கையேட்டிலேயே மவுண்ட், யுமவுண்ட் இரண்டும் இருக்கின்றன. ஆக, இந்தக் கட்டளைகளுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது.

ஏன் தேவைப்பட்டது? அவர்களிடம் இரண்டு விதமான டிஸ்க் இருந்தன. ஒன்று வேகமானது, ஆனால் கொள்ளளவு அரை மெகாபைட்தான். இன்று வாட்ஸப்பில் வரும் ஒரு குட் மார்னிங் படத்துக்கே பத்தாது :-) இன்னொன்று கொஞ்சம் மெதுவானது, கழற்றி மாட்டக்கூடியது, இரண்டரை மெகாபைட் அளவு. வேகமான டிஸ்க்கில் மரத்தின் வேரை வைத்தார்கள். மற்ற டிஸ்க்கை என்ன செய்வது? தனி மரமாக விட்டுவிடலாம். அப்படிச் செய்தால், பயன்படுத்துகிறவர் ஒவ்வொரு முறையும் 'என் கோப்பு எந்த டிஸ்க்கில் இருக்கிறது' என்று நினைவு வைத்துக்கொள்ள வேண்டும்.

அவர்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். மாமரத்தில் ஒட்டுக் கட்டுவதைப் பார்த்திருக்கிறீர்களா? நாட்டுக் கன்றில் வெட்டிவிட்டு, அதே இடத்தில் வேறு நல்ல ரகத்தின் குச்சியை வைத்துக் கட்டிவிடுவார்கள். வேர் ஒன்று, கிளை வேறு. ஆனால் பார்ப்பவருக்கு ஒரே மரம். மவுண்ட் செய்வது அதேதான். மரத்தில் ஏற்கனவே இருக்கும் ஓர் இடத்தைக் காட்டி, 'இனிமேல் இந்தப் பெயரைச் சொன்னால் அந்த டிஸ்க்கின் உச்சி' என்று சொல்லிவிடுவது. 1974-ல் ரிட்சியும் தாம்ப்சனும் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இதை மரத்தின் ஓர் இலை இருந்த இடத்தில் ஒரு கிளையையே வைப்பதாக விளக்குகிறார்கள்.

ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. மாமரத்தில் வெட்டியது போனது போனதுதான். இங்கே அப்படி இல்லை. மாட்டிய இடத்தில் முன்பே சில கோப்புகள் இருந்தால் அவை அழியாது, மறைந்துதான் இருக்கும். கழற்றியதும் மறுபடி தெரியும்.

1971-ன் அந்த முதல் யூனிக்ஸில் ஒரே நேரத்தில் ஒரே ஒரு டிஸ்க்கைத்தான் இப்படி ஒட்டுக்கட்ட முடியும். கெர்னலில் அதற்கு ஒரே ஓர் இடம்தான் ஒதுக்கியிருந்தார்கள். கம்ப்யூட்டர் எழுந்ததும் இரண்டாவது டிஸ்க்கை '/யுஎஸ்ஆர்' என்ற இடத்தில் மாட்டிவிடும். யுஎஸ்ஆர் என்றால் யூசர், அதாவது பயனாளர்களின் கோப்புகள் இருக்கும் இடம். 1975-ல் வந்த ஆறாம் பதிப்பில் ஐந்து இடங்கள் ஆயின.

கொஞ்ச நாளில் முதல் டிஸ்க்கின் அரை மெகாபைட் நிரம்பிவிட்டது. அதில் அடங்காத புரோகிராம்களை அடுத்த டிஸ்க்கில், '/யுஎஸ்ஆர்' கீழேயே, '/யுஎஸ்ஆர்/பின்' என்று வைத்தார்கள். இப்படியாக '/பின்' ஒன்று, '/யுஎஸ்ஆர்/பின்' ஒன்று என்று இரண்டு ஆயின. டிஸ்க்குகள் ஆயிரம் மடங்கு, லட்சம் மடங்கு பெரிதான பிறகும் இந்தப் பிரிவினை அப்படியே தொடர்ந்தது. எதற்கு இரண்டு என்பதற்குப் புதிய புதிய காரணங்களும் பின்னால் சேர்ந்துகொண்டன. 2012-ல் ஃபெடோரா 17 வந்தபோதுதான் இரண்டையும் ஒன்றாக்கினார்கள். பிறகு மற்ற லினக்ஸ்களும் ஒவ்வொன்றாக மாறின. ஓர் அரை மெகாபைட் டிஸ்க் நிரம்பியதன் விளைவு நாற்பது வருடம் நின்றிருக்கிறது!

'என்' எழுத்து எங்கே போனது?

லினக்ஸ் படிக்கும் எல்லாரும் ஒருமுறையாவது இதில் சறுக்கியிருப்போம். கழற்றுவதற்கு ஆங்கிலச் சொல் அன்மவுண்ட். ஆனால் கட்டளை யுமவுண்ட். 'யு'வுக்கு அடுத்து வர வேண்டிய 'என்' இல்லை. 1971 கையேட்டிலேயே இல்லை. கோப்பு உருவாக்கும் கிரியேட் என்ற கெர்னல் அழைப்பிலும் கடைசி 'ஈ' கிடையாது. யூனிக்ஸை மறுபடி செய்தால் எதை மாற்றுவீர்கள் என்று கேட்டதற்கு, கிரியேட்டில் அந்த 'ஈ'யைச் சேர்ப்பேன் என்றாராம் கென் தாம்ப்சன். 'என்'னைப் பற்றி யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது.

கழற்றுவதில் என்ன கஷ்டம்?

சரி, இனிதான் என் நண்பனின் கோப்பு போன ரகசியம்.

எங்கள் தெரு மளிகைக் கடை அண்ணாச்சி ஒரு பழக்கம் வைத்திருக்கிறார். பகலில் கூட்டம் இருக்கும்போது யார் கடன் வாங்கினாலும் ஒரு துண்டுச்சீட்டில் கிறுக்கிக் கம்பியில் குத்திவிடுவார். இரவு கடை சாத்தும் முன் எல்லாச் சீட்டையும் எடுத்துப் பேரேட்டில் ஏற்றுவார். ஒவ்வொரு ஆளுக்கும் பேரேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தால் கூட்டம் கலைந்துவிடும் அல்லவா?

யூனிக்ஸும் இதையே செய்தது. டிஸ்க் மெதுவானது, மெமரி வேகமானது. எழுதச் சொன்னதும் மெமரியில் குறித்து வைத்துக்கொண்டு 'ஆச்சு' என்று சொல்லிவிடும். நிஜமான டிஸ்க்கில் பிறகு எழுதும். வேகம் கூடியது. ஆனால் அண்ணாச்சி சீட்டை ஏற்றும் முன்பே யாராவது பேரேட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால்? பேரேட்டில் பாதிக் கணக்குதான் இருக்கும். கழற்றக்கூடிய டிஸ்க்கின் பிரச்சினை முழுவதும் இதுதான்.

ஆகவே யுமவுண்ட் கட்டளைக்கு இரண்டு வேலை. ஒன்று, மிச்சச் சீட்டுகளை எல்லாம் பேரேட்டில் ஏற்றுவது. இரண்டு, யாராவது இன்னும் அந்த டிஸ்க்கைப் பயன்படுத்துகிறார்களா என்று பார்ப்பது. ஆறாம் பதிப்பின் கெர்னலில் இது சில வரிகள்தான். முதலில் மெமரியில் இருப்பதை எழுதச் சொல்லும். அடுத்து, திறந்திருக்கும் கோப்புகளின் பட்டியலை ஒவ்வொன்றாகப் பார்க்கும். அதில் ஒன்றாவது அந்த டிஸ்க்கைச் சேர்ந்தது என்றால் 'பிஸி' என்று மறுத்துவிடும். இன்றும் லினக்ஸில் வரும் 'டிவைஸ் ஈஸ் பிஸி' என்ற எரிச்சலூட்டும் செய்தியின் பூர்வீகம் இதுதான். பெரும்பாலும் குற்றவாளி நாமேதான். ஏதோ ஒரு டெர்மினலில் அந்த ஃபோல்டருக்குள் உட்கார்ந்திருப்போம், அதை மறந்தே போயிருப்போம். உட்கார்ந்திருக்கிற கிளையை வெட்ட மாட்டேன் என்கிறது, அவ்வளவுதான்.

மின்சாரம் போனால்? அதற்கும் ஓர் ஏற்பாடு செய்தார்கள். பழைய யூனிக்ஸில் 'அப்டேட்' என்ற சின்ன புரோகிராம் பின்னணியில் ஓடும். 30 நொடிக்கு ஒருமுறை எழுந்து, சீட்டுகளை ஏற்றச் சொல்லிவிட்டுத் தூங்கிவிடும். கையால் செய்ய 'சிங்க்' என்ற கட்டளை. அந்தக்கால ஆட்கள் கம்ப்யூட்டரை நிறுத்தும் முன் இந்த சிங்க்கை மூன்று முறை அடிப்பார்களாம். சாமிக்கு மூன்று முறை தோப்புக்கரணம் போடுவது மாதிரி! ஆனால் அது வெறும் சடங்கு இல்லை. அன்றைய சிங்க் 'எழுதச் சொல்லிவிட்டேன்' என்று உடனே திரும்பிவிடும், எழுதி முடியும்வரை காத்திருக்காது. தனித்தனி வரியாக மூன்று முறை தட்டச்சு செய்யும் நேரத்தில் டிஸ்க் தன் வேலையை முடித்துவிடும். லினக்ஸின் சிங்க் அப்படி இல்லை, முடியும்வரை காத்திருக்கிறது. ஒருமுறை போதும்.

அப்படியும் பாதியில் நின்றுவிட்டால் பேரேட்டைச் சரிபார்க்க வேண்டும். முதலில் அதற்கு ஐசெக், டிசெக் என்று தனித்தனிக் கருவிகள் இருந்தன. எதைச் சரி செய்வது என்பதை மனிதர்தான் முடிவு செய்ய வேண்டும். 1970களின் பின்பகுதியில் பெல் லேப்ஸின் டெட் கோவால்ஸ்கி எழுதிய எஃப்எஸ்செக் அதை எல்லாம் ஒன்றாக்கியது.

ஏ, பி, சி... எங்கே மவுண்ட்?

இந்தப் பக்கம் இன்னொரு குடும்பம் வளர்ந்துகொண்டிருந்தது. 1974-ல் கேரி கில்டால் சிறிய கம்ப்யூட்டர்களுக்காக சிபி/எம் என்ற இயங்குதளத்தை எழுதினார். அதில் ஒட்டுக்கட்டும் வேலையே இல்லை. ஒவ்வொரு டிரைவுக்கும் ஓர் எழுத்து. ஏ ஒரு மரம், பி இன்னொரு மரம். இந்த எழுத்துப் பழக்கம் ஐபிஎம்மின் சிஎம்எஸ் என்ற பழைய அமைப்பிலேயே இருந்தது.

ஃப்ளாப்பியை மாற்றினால் சிபி/எம்முக்குத் தெரியாது. நாம்தான் கண்ட்ரோலையும் சி-யையும் சேர்த்து அழுத்தி, 'டிஸ்க் மாறிவிட்டது' என்று சொல்ல வேண்டும். மறந்துபோய் எழுதப் போனால்? நல்லவேளை, அது ஃப்ளாப்பியில் உள்ள கோப்புப் பட்டியலின் கூட்டுத்தொகையை ஒப்பிட்டுப் பார்த்து, 'இது அந்த டிஸ்க் இல்லையே' என்று எழுத மறுத்துவிடும். இல்லாவிட்டால் ஒருவர் டிஸ்க்கின் பட்டியலை இன்னொருவர் டிஸ்க்கில் எழுதி இரண்டும் பாழாகியிருக்கும்.

1981-ல் வந்த எம்எஸ்-டாஸும் எழுத்துகளையே எடுத்துக்கொண்டது. ஏ, பி இரண்டும் ஃப்ளாப்பிக்கு. அதனால் ஹார்ட் டிஸ்க் வந்தபோது அதற்கு சி. ஃப்ளாப்பியே இல்லாத நம் லேப்டாப்பிலும் விண்டோஸ் சி-யில் இருந்து ஆரம்பிப்பது இதனால்தான். டாஸில் யாரும் அன்மவுண்ட் செய்யவில்லை. டிரைவின் சின்ன விளக்கு அணைந்ததும் ஃப்ளாப்பியை எடுத்துவிடுவார்கள். அந்த விளக்குதான் ஒரே சாட்சி. நம் நாட்டில் பெரும்பாலானோர் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டது இந்தக் குடும்பத்தில்தான். 'விளக்கு அணைந்தால் புடுங்கலாம்' என்ற பழக்கம் நம் அப்பா காலத்தில் இருந்தே ரத்தத்தில் ஊறியிருக்கிறது என்று சொல்லலாம்.

விண்டோஸ் கடைசியில் யூனிக்ஸ் வழிக்கும் ஒரு கதவு திறந்தது. 2000-ல் வந்த விண்டோஸ் 2000-ல் ஒரு டிஸ்க்கை எழுத்து இல்லாமல், ஒரு காலி ஃபோல்டரிலேயே மாட்டலாம். இன்றும் அந்த வசதி இருக்கிறது, பயன்படுத்துகிறவர்கள்தான் குறைவு.

குப்பைத்தொட்டியில் போட்ட ஃப்ளாப்பி

1984-ல் வந்த ஆப்பிள் மெக்கின்டோஷ் இந்தச் சிக்கலை வேறு மாதிரி தீர்த்தது. ஃப்ளாப்பி டிரைவில் வெளியே எடுக்கும் பட்டனே கிடையாது! கம்ப்யூட்டரிடம் கேட்க வேண்டும். அது எழுத வேண்டியதை எழுதி முடித்துவிட்டுத் தானே மோட்டாரை இயக்கி ஃப்ளாப்பியை வெளியே துப்பும். பழைய ஆபரேட்டரின் வேலையைக் கம்ப்யூட்டரே எடுத்துக்கொண்டது என்று சொல்லலாம். பாதியில் புடுங்க வழியே இல்லை. கம்ப்யூட்டர் அப்படியே உறைந்து போனால் மட்டும், ஒரு ஜெம் கிளிப்பை நீட்டி அந்தச் சின்ன ஓட்டைக்குள் குத்த வேண்டும்.

ஆனால் கேட்கும் முறைதான் வேடிக்கை. ஃப்ளாப்பியின் படத்தை இழுத்துக் குப்பைத்தொட்டியில் போட வேண்டும். புதிதாக வருபவர்களுக்கு அடிவயிறு கலங்கும். குப்பையில் போட்டால் எல்லாம் அழிந்துவிடாதா? அழியாது, வெளியே வரும். பல வருடம் இதைக் கிண்டல் செய்திருக்கிறார்கள். 2001-ல் வந்த மேக் ஓஎஸ் எக்ஸில், டிஸ்க்கை இழுக்க ஆரம்பித்ததும் குப்பைத்தொட்டி வெளியேற்றும் குறியாக மாறிவிடும்படி செய்தார்கள்.

கம்பி வழியே ஒரு கிளை

1980களின் நடுவில் சன் நிறுவனம் என்எஃப்எஸ்ஸைக் கொண்டுவந்தது. மாட்டுகிற டிஸ்க் நம் கம்ப்யூட்டரிலேயே இருக்க வேண்டியதில்லை, பக்கத்துக் கட்டிடத்தில் இருக்கலாம். நெட்வொர்க் வழியாக அதை நம் மரத்தில் ஒட்டிக்கொள்ளலாம். இதற்காகக் கெர்னலுக்குள் ஒரு பொது அடுக்கை உருவாக்கினார்கள். மேலே இருக்கும் புரோகிராமுக்கு எல்லாமே 'கோப்பு'. கீழே இருப்பது உள்ளூர் டிஸ்க்கா, நெட்வொர்க்கா என்பதை அந்த அடுக்கு பார்த்துக்கொள்ளும். லினக்ஸிலும் இதே எண்ணம்தான் விஎஃப்எஸ் என்ற பெயரில் இருக்கிறது. ஒரே மரத்தில் ஹார்ட் டிஸ்க், சிடி, விண்டோஸ் பார்ட்டிஷன் எல்லாம் தொங்குவது இதனால்தான்.

இதில் புதிய தொல்லையும் வந்தது. டிஸ்க்கை நாம் கழற்றாமலேயே அது காணாமல் போகலாம். சர்வர் படுத்துவிட்டால் 'சர்வர் பதில் சொல்லவில்லை, முயன்றுகொண்டிருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டு புரோகிராம்கள் அப்படியே உறைந்து நிற்கும். தரவு போகக்கூடாது என்பதற்காக வேண்டுமென்றே அப்படி வைத்திருந்தார்கள். எதிரில் இருப்பவர் வரும்வரை வாசலிலேயே நிற்பது மாதிரி.

யூனிக்ஸ் பிறந்த அதே பெல் லேப்ஸில் 1980களின் இறுதியில் பிளான் 9 என்ற அடுத்த அமைப்பை ஆரம்பித்தார்கள். 1992-ல் பல்கலைக்கழகங்களுக்கு வெளியிட்டார்கள். அதில் ஒரு துணிச்சலான எண்ணம்: எல்லாருக்கும் ஏன் ஒரே மரம்? ஒவ்வொரு புரோகிராமுக்கும் தனித்தனி மரம் இருக்கட்டும். நான் மாட்டியது எனக்கு மட்டும் தெரியட்டும். பிளான் 9 பெரிதாகப் பரவவில்லை. ஆனால் 2002-ல் இந்த எண்ணம் மவுண்ட் நேம்ஸ்பேஸ் என்று லினக்ஸுக்குள் வந்தது. 2013-ல் வந்த டாக்கர் போன்ற கண்டெய்னர்களுக்கு அதுதான் ஓர் அஸ்திவாரம். ஒரே கம்ப்யூட்டரில் ஓடும் நூறு கண்டெய்னர்களும் ஆளுக்கு ஒரு தனி மரத்தைப் பார்ப்பது இப்படித்தான்.

பட்டனை அமுக்கினாலும் வராத சிடி

லினக்ஸின் ஆரம்ப காலத்தில் இதெல்லாம் கைவேலைதான். ஒரு சிடியைப் படிக்க வேண்டுமென்றாலும் ரூட்டாக நுழைந்து, மவுண்ட் என்று அடித்து, எந்தக் கருவி, எந்த வகைக் கோப்பு அமைப்பு, எந்த இடத்தில் மாட்ட வேண்டும் என்று எல்லாம் சொல்ல வேண்டும். எங்கள் சீனியர் ஒருவர் சொன்ன கதை. முதன்முதலாக லினக்ஸ் போட்டபோது சிடி டிரைவின் பட்டனை அமுக்கோ அமுக்கென்று அமுக்கினாராம், தட்டு வெளியே வரவேயில்லை. டிரைவ் கெட்டுவிட்டது என்று சர்வீஸுக்கே தூக்கிக்கொண்டு போய்விட்டாராம்! மவுண்ட் ஆகியிருக்கும்வரை லினக்ஸ் கதவைப் பூட்டி வைத்திருக்கும் என்பது அவருக்குத் தெரியவில்லை. மெக்கின்டோஷின் அதே கண்டிப்பு.

2000 வாக்கில் யுஎஸ்பி பென் டிரைவ்கள் கடைக்கு வந்தன. அதில் பூட்டும் இல்லை, மோட்டாரும் இல்லை. யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் புடுங்கலாம். விண்டோஸ், மூலையில் 'பாதுகாப்பாக அகற்று' என்ற சின்னப் படத்தை வைத்தது. லினக்ஸில் யுடெவ் போன்ற கருவிகள் வந்து, செருகியதும் தானே மவுண்ட் ஆக ஆரம்பித்தது. 2004-ல் லினக்ஸ் அடைவுகளுக்கான தர விதிகளில் இதற்கென்றே '/மீடியா' என்று ஓர் இடம் ஒதுக்கினார்கள்.

யோசித்துப் பாருங்கள். மாட்டுவது தானாக நடக்கிறது. கழற்றுவது மட்டும் இன்னும் நம் கையில். மாட்டும்போது ஒன்றும் கேட்காத கம்ப்யூட்டர், கழற்றும்போது மட்டும் மரியாதை எதிர்பார்க்கிறது. மவுண்ட் என்ற ஒன்று நடந்ததே தெரியாதவருக்கு அன்மவுண்ட் செய்ய வேண்டும் என்று எப்படித் தோன்றும்?

இதற்கு இரண்டு பக்கமும் மருந்து தேடினார்கள். ஒன்று, பாதியில் நின்றாலும் பேரேடு கெடாமல் இருக்க, செய்யப் போவதை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்வது. ஜர்னலிங் என்று பெயர். 2001-ல் லினக்ஸ் கெர்னலில் சேர்ந்த எக்ஸ்ட்3 இதைச் செய்தது. 2012-ல் தமிழ்நாடு முழுக்க மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்ததே, அப்போது யுபிஎஸ் இல்லாத வீட்டுக் கம்ப்யூட்டர்கள் ஓரளவு தப்பிப் பிழைத்தன என்றால் அதில் இந்த மாதிரிக் குறிப்பேடுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் கவனிக்க வேண்டும், அது காப்பாற்றுவது பேரேட்டின் ஒழுங்கைத்தான். கம்பியில் குத்தியிருந்த சீட்டு பறந்து போனால் போனதுதான்.

இரண்டாவது மருந்து, சீட்டே வேண்டாம், நேராகப் பேரேட்டிலேயே எழுது என்பது. கொஞ்சம் மெதுவாகும், ஆனால் சட்டென்று எடுக்கலாம். 2018-ல் விண்டோஸ் 10-ன் 1809 பதிப்பில் இருந்து வெளி டிஸ்க்குகளுக்கு இதையே வழக்கமான அமைப்பாக வைத்துவிட்டார்கள். காப்பி ஓடிக்கொண்டிருக்கும்போது எடுக்கக்கூடாது, முடிந்தபின் எடுக்கலாம்.

லினக்ஸ் பொதுவாக இன்னும் சீட்டு முறையில்தான் இருக்கிறது. எழுதப்படாமல் மெமரியில் இருக்கும் தரவு எவ்வளவு பழசானால் டிஸ்க்குக்கு அனுப்ப வேண்டும் என்று கெர்னலில் ஓர் அளவு இருக்கிறது. வழக்கமான மதிப்பு என்ன தெரியுமா? 30 நொடி. அந்தப் பழைய 'அப்டேட்' புரோகிராமின் அதே 30 நொடி!

அன்றைக்கு எங்கள் லேபில் நடந்தது இதுதான். அந்தக் கம்ப்யூட்டரில் மெமரி நிறைய. 1.2 ஜிபியும் சர்ரென்று மெமரிக்குள் போய்விட்டது. பட்டை நிரம்பியது மெமரிக்குப் போன கணக்கில். மெதுவான அந்தப் பென் டிரைவுக்கு எழுதும் வேலை அப்போதுதான் ஆரம்பித்திருக்கும். கோப்பின் பெயரை எழுதியது, உள்ளடக்கத்தையும் அளவையும் எழுதும் முன் நாங்கள் புடுங்கிவிட்டோம். கம்ப்யூட்டர் பொய் சொல்லவில்லை. 'வாங்கிக்கொண்டேன்' என்றுதான் சொன்னது. 'சேர்த்துவிட்டேன்' என்று நாங்களாகப் புரிந்துகொண்டோம்.

கடைசியாக

ரிவ்யூவில் நண்பன் நடந்ததை மறைக்காமல் சொன்னான். கைடு கொஞ்சம் திட்டிவிட்டு இரண்டு நாள் அவகாசம் கொடுத்தார். இரண்டு ராத்திரி நானும் கூட உட்கார்ந்து ரீடிங் எடுத்தேன். அது நான் செய்ய வேண்டியதுதான்.

நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள இரண்டே விஷயம். லினக்ஸில் பென் டிரைவை எடுக்கும் முன் இஜெக்ட் கொடுங்கள், அல்லது யுமவுண்ட் அடியுங்கள். 'எடுக்கலாம்' என்று வரும்வரை, அல்லது கட்டளை முடிந்து டெர்மினல் திரும்பி வரும்வரை கை வைக்காதீர்கள். முக்கியமான கோப்பு என்றால், மறுபடி செருகித் திறந்து பார்த்துவிட்டு அப்புறம் கிளம்புங்கள். அரை நிமிடம்தான் ஆகும்.

போன வாரம் மறுபடி அதே லேப், அதே நேரம். அட்டெண்டர் அண்ணன் சாவியை ஆட்டிக்கொண்டு நின்றார். நண்பன் திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஒரு நிமிஷம்ணே, அன்மவுண்ட் ஆகட்டும்" என்றான். அண்ணனுக்கு என்ன புரிந்ததோ, சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார் :-)